சந்தனம் வைக்க உரித்த சீட்டு

ஆயுத பூஜை விழாவுக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆலை நிறுவனர் பாஷ்யம் ஐயா அவர்களே! திருப்போரூரிலிருந்தும் கோவளத்திலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! வீட்டுப் பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த தாய்மார்களே! வெல்டிங் வெளிச்சத்தில் விழி சிவந்த தோழர்களே! வரைபடப் பிரிவின் தலைவன் பரணிதரனின் வணக்கம்.

என்ன தம்பி? "பொரி எப்போ அண்ணாத்த?" என்கிறாயா? வரும், பொறு. நான் பேசி முடித்த பிறகு அது உனக்குத் தொண்டையில் இறங்குமா என்றுதான் தெரியவில்லை.

சற்றுமுன் இந்த மேடையில் ஒரு பட்டியல் வாசித்தார்கள். "வெளியே கோப்பு ஒன்றும் இல்லை" என்றார்கள். கைதட்டினீர்கள். ஒழுங்குக்கு உதாரணம் என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினீர்கள். ஐயா, இந்தப் பொன்னாடை என் கழுத்தை இறுக்குகிறது!

தாய்மார்களுக்குப் புரியச் சொல்கிறேன். நாம் செய்வது படகில் வலை இழுக்கும் இயந்திரம். அதன் தாங்கு தகட்டுக்குக் கணினியில் ஒரே ஒரு மாதிரிதான். ஆனால் அந்த ஒரு மாதிரிக்குள் ஏழு அளவுகள். சின்னப் படகுக்கு ஆறு மில்லிமீட்டர் தகடு, பெரிய விசைப்படகுக்குப் பன்னிரண்டு. ஓர் அளவைத் திருத்தும்போது "இதற்கு மட்டும்" என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் ஏழும் மாறிவிடும்.

அந்த மாதிரிகள் எல்லாம் பொதுப் பெட்டகத்தில் இருக்கின்றன. ஒருவர் வெளியே எடுத்தால் அவர் பெயர் அதில் பதியும். வேலையை முடித்து அவர் உள்ளே வைத்த பிறகுதான் பட்டறை அதைப் பார்த்துத் தகடு வெட்டும். ஆயுதங்களைக் கீழே வைக்கும் நாளில் கோப்பு மட்டும் வெளியே கிடக்கலாமா? அம்மன் முன்னால் எல்லாம் உள்ளே வந்துவிட வேண்டும் என்று ஒரு வழக்கத்தை உண்டாக்கியவன் யார்? நான்! பட்டியல் வாசிக்க வைத்தவன் யார்? நான்! கைதட்டலுக்கு ஏங்கியவன் யார்? அதுவும் நானேதான்!

போன வருடம், பூஜைக்கு முதல் நாள் பிற்பகல். அன்பரசியை உங்களுக்குத் தெரியும். என் பிரிவில் வேலை பார்த்த பெண். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்து அரக்கப் பரக்க ஓடினாள். அவள் கணினி திறந்தபடியே கிடந்தது. நான் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு திரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். அவள் திரையில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "தாங்கு தகடு பாதி வேலை. ஏழு அளவும் பார்க்கணும். உள்ளே போடாதீங்க."

படித்தேன். தாய்மார்களே, படித்தேன்! படிக்கவில்லை என்று பொய் சொல்லக்கூட எனக்கு வழியில்லை. பொட்டு வைக்க இடைஞ்சலாக இருந்த அந்தச் சீட்டை உரித்தேன், சட்டைப் பையில் போட்டேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பெயரிலேயே கோப்பை உள்ளே வைத்தேன். பூஜை முடிந்து அந்தக் கோப்பு ஒப்புதலுக்கு என்னிடம் வந்தபோது ஏழையும் திறந்து பார்த்தேனா? சின்னதை மட்டும் திறந்தேன். சரியாக இருந்தது. ஏழுக்கும் கையெழுத்திட்டேன்.

அந்தப் பாதித் திருத்தத்தில் ஏழு அளவும் ஆறாகிக் கிடந்தன; விசைப்படகுக்கும் ஆறு மில்லிமீட்டரிலேயே வெட்டினார்கள். கோவளத்துக் கடலில் பாரம் தாங்காமல் தகடு மடங்கியது. கயிறு சுற்றி, வலை இழுத்த மீனவர் ஜான்சனின் வலது கையில் நான்கு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கத்தவில்லை, சபிக்கவில்லை. "இன்னா சார், தகடு இவ்ளோ மெல்லிசா கீதே, ஒருத்தர்கூட பாக்கலியா?" என்றார்.

பிறகு விசாரணை. அன்பரசி நின்றாள். "சார், நான் உள்ள போடல சார். பேப்பர் ஒட்டி வெச்சிட்டுத்தான் வூட்டுக்குப் போனேன்."

பாஷ்யம் ஐயா கேட்டார்: "உன் பேர் இருக்கேம்மா. அந்தப் பேப்பர் எங்கே?"

"தெரியல சார்." சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவளை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் ஐயா" என்றேன். ஐயோ, நான் மனிதனா! அன்றே அவளை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எந்த வரைபட அலுவலகமும் அவளைச் சேர்க்கவில்லை. செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு புடவை மடிக்கிறாள்.

ஐயா, கையமர்த்தாதீர்கள். உட்காரச் சொல்லாதீர்கள். ஒரு வருடம் உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

பெட்டகத்தில் பழைய பதிப்பை மீட்டுவிட்டோம். ஒரே நிமிடம், தகடு பன்னிரண்டாகிவிட்டது. ஜான்சன் விரலுக்குப் பழைய பதிப்பு உண்டா? அன்பரசி பெயருக்குப் பழைய பதிப்பு உண்டா? இன்று நான் சொல்வதால் எதுவும் மீளாது. எனக்குத் தெரியும். மன்னிப்பு கேட்கும் தகுதிகூட எனக்கு இல்லை. தோழர்களே, ஒன்றே ஒன்று. பாதி வேலை வெளியே கிடக்கட்டும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அதோ, தூணோரம் துடைப்பத்தோடு நிற்கிறாரே சந்திரம்மா, அவர் அன்பரசியின் தாய். மகளைத் துரத்திய கூடத்தை இன்று காலையிலும் அவர்தான் பெருக்கினார். பொரி வந்ததா என்று என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார்.

பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டேன் ஐயா. அம்மா, கொஞ்சம் முன்னே வாருங்கள். இதைப் பிடியுங்கள். மஞ்சள் வெளுத்துவிட்டது, சந்தனக் கறை இருக்கிறது. எழுத்து உங்கள் மகளுடையது. ஐயா கேட்ட பேப்பர் இதுதான்.

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்டீர்களே, அந்தப் பொறுமைக்கு நன்றி. வணக்கம்.