காரெல் கரை சேரும்வரை

எனக்கு மெதுவாகத்தான் வாசிக்க வரும், ஐயா. சொல்வதும் அப்படித்தான். மாலை ஆங்கில வகுப்பில் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை நடந்த வரிசையில் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்திலேயே சொல்லிப் பார்க்கிறேன். எங்காவது பிழைவிட்டால் நிறுத்துங்கள், திருத்திக்கொள்கிறேன்.

புத்தகங்களைத் தந்தது டினேஸ். என் அப்பாவின் அக்கா லூர்த்தம்மா மாமியின் ஒரே மகன். அவனும் அதே வகுப்புக்குத்தான் வருவான். பகலில் குருநகர்க் கரைக்கு எதிரே கடலுக்குள் இருக்கும் ஒரு கடலட்டைப் பண்ணையில் காவல் வேலை. தண்ணீருக்குள் மரக்கால்கள் நட்டு, மேலே தகரம் போட்ட சின்னக் கொட்டில். அட்டை களவு போகாமல் பார்ப்பதைத் தவிர அங்கே வேறு வேலை இல்லை. அதனால் ‘மூடுபனித் துறைகள்’ ஏழு புத்தகங்களையும் அங்கேயே இருந்து வாசித்து முடித்துவிட்டான். உலகமெல்லாம் வாசிக்கிற தொடர் என்று வகுப்பில் சொன்னார்கள். வாசிக்காதவள் நான் ஒருத்திதான்.

“உதையும் வாசியாமல் நீயென்ன இங்கிலீசு படிக்கிறாய், மச்சாள்?” என்று கேட்டு முதல் புத்தகத்தை என் மடியில் போட்டான். போடுவதற்கு முன் அதற்கு உறை போட்டிருந்தான். நல்லவன்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வாசிக்கும் முறை இது. இடப்பக்கம் அகராதி. வலக்கையில் அந்தோனியார் படம் போட்ட செப அட்டை. வாசிக்கும் வரிக்குக் கீழே உள்ள வரிகளை அந்த அட்டையால் மூடிக்கொள்வேன். இல்லாவிட்டால் என் கண் கீழே ஓடி, நடக்கப்போவதை முதலே பார்த்துவிடும். அது எனக்குப் பயம்.

கதையில் காரெல் என்று ஒரு தோணிக்காரன் வருகிறான். பனிமூட்டத்துக்குள் சிக்கியவர்களைத் தேடிப்போய் ஏற்றி வருவான். அப்பாவும் கடலுக்குப் போனவர்தான், ஆனால் காரெல் அவரைப் போல என்று சொல்லமாட்டேன். அப்பா அவ்வளவு கதைக்கமாட்டார். என்றாலும் காரெல் கடலுக்குள் போகும் பக்கங்களில் எனக்கு மூச்சு வாங்கும்.

டினேஸுக்கு அது விளையாட்டு. மூன்றாம் புத்தகத்தில் ஒரு மருத்துவச்சி சாவாள் என்று வகுப்பு வாசலில் வைத்துச் சொன்னான். வாசித்தேன், செத்தாள். ஐந்தாம் புத்தகத்தில் இரட்டையர்களில் மூத்தவன் சாவான் என்று போனில் மெசேஜ் அனுப்பினான். அவனும் செத்தான். எப்போதோ அச்சடித்த புத்தகம் என்பது எனக்குத் தெரியும். நான் பைத்தியமில்லை. ஆனாலும் வரிசை அப்படித்தான் இருந்தது: அவன் சொன்னான், பிறகு நடந்தது. அதற்குப் பிறகு அவனுடைய மெசேஜ் எதையும் நான் திறக்கவில்லை.

கடலுக்குப் போன அப்பாவின் செய்தி வந்ததையும் இங்கேதான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தேன். சைக்கிளில் வந்த ஒரு அன்ரி காலை ஊன்றி நின்று, “உன்ரை அப்பாவை இனிப் பாக்கேலாது, பிள்ளை” என்றார். வீட்டுக்கு வந்தால் அம்மா குசினியில் பாட்டுப் படித்தபடி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. ஆட்கள் வந்து சொல்லும்வரை அம்மா பாடிக்கொண்டுதான் இருந்தார். அதற்குப் பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு இறங்குதுறைக்குப் பக்கத்தில். பண்ணைக்கு வள்ளம் ஓட்டும் சிமியோன் மாமா பின்னேரங்களில் துறையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். போனைக் கையில் வைத்திருக்கமாட்டார். அதனால் டினேஸ் எனக்குத்தான் மிஸ்கோல் அடிப்பான். ஒருக்கா அடித்தால் சுகம், வழமையான நேரத்துக்கு வள்ளம் வந்தால் போதும். உடனே மறுபடியும் அடித்தால் ஆபத்து, வள்ளத்தை இப்போதே அனுப்பு. அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு இது.

மத்தியானம் வள்ளத்தில் ஏறும்போது அவன் கேட்டான்.

“ஏழாம் புத்தகம் எவ்வளவிலை நிக்குது? காரெலுக்கு என்ன நடக்குதெண்டு சொல்லட்டே?”

“வேண்டாம் மச்சான். கும்பிட்டுக் கேக்கிறன்.”

“அப்ப பின்னேரம் வகுப்பிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறன். உன்ரை மூஞ்சை போற போக்கைப் பாக்கோணும்.”

சிமியோன் மாமா, “பெட்டையை அழவையாதை, ஏறடா” என்றார். வள்ளம் விலகும்போது டினேஸ் கண்ணைச் செருகி, நாக்கைத் தள்ளிக் காட்டினான். செத்தவன் மாதிரி.

பின்னேரம் வானம் இருட்டி, வாடைக்காற்று எழும்பியது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். காரெல் துடுப்பை இழந்துவிட்டான். பனிக்குள் யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். அந்த நேரம் போன் அடித்தது, நின்றது. நான் அட்டையை ஒரு வரி கீழே இறக்கினேன். ஒரு மெசேஜ் வந்தது, திறக்கவில்லை. போனைச் சத்தமில்லாமல் ஆக்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

சிமியோன் மாமா வாசல் படலையில் நின்று கூப்பிட்டார்.

“பிள்ளை, டினேஸ் அடிச்சவனே?”

“ஓம் மாமா.”

“எத்தினை தரம்? காத்து இறுகுது. ரெண்டெண்டால் சொல்லு, இப்பவே வெளிக்கிடுறன். பிந்தினால் என்னாலையும் போகேலாது.”

இரண்டு, ஐயா. போன் அடித்து நின்றது என்று சொன்னேனே, உடனே இரண்டாம் தரமும் அடித்தது. நான் எண்ணினேன்.

“ஒருக்காத்தான் மாமா.”

“அப்ப பெடி சுகமா இருக்கிறான். நான் வள்ளத்தை இழுத்துக் கட்டப்போறன். காத்து விழ ஏத்திக்கொண்டு வருவம்.”

அவர் போனார். நான் மறுபடியும் இருந்து வாசித்தேன். வள்ளம் போனால் டினேஸ் வருவான். வந்தால் வகுப்பில் எழும்பிச் சொல்லுவான். நான் விரும்பியது ஒரு மாலைப்பொழுது மட்டுமே. அது அதிகமா குறைவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பார்த்தால், மழையால் அன்று வகுப்பே நடக்கவில்லை. மின்சாரமும் நின்றுவிட்டது. கடைசி அத்தியாயம் மிச்சம்.

விடிய, கொட்டில் நின்ற இடத்தில் இரண்டு மரக்கால்கள்தான் நின்றன. அவன் உடலை மண்டைதீவுப் பக்கம் எடுத்தார்கள்.

அந்த மெசேஜை இந்தப் பொலிஸ் நிலையத்தில் வைத்து நீங்கள்தான் என் முன்னால் வாசித்தீர்கள். ‘கொட்டில் கால் முறியுது மச்சாள். மாமாவை அனுப்பு. கோவமே? பகிடிக்குத்தான் சொன்னனான். காரெல் சாகேல்லை, கரைக்கு வாறான். கெதியா அனுப்பு.’

என்னைக் கேட்டுவிட்டு வாசித்திருக்கலாம், ஐயா. நான் இன்னும் அந்த அத்தியாயத்துக்கு வரவில்லை.

வரிசையில் ஒன்றை விட்டுவிட்டேன், மன்னியுங்கள். அன்று பொழுதுபடும் நேரம் லூர்த்தம்மா மாமி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழைக்குள்ளால் ஓடிவந்தார்.

“ஒருக்காத்தானே அடிச்சவன், பிள்ளை? வடிவாத் தெரியுமே?”

“ஓம் மாமி. ஒருக்காத்தான்.”

மாமி நெஞ்சில் சிலுவை போட்டுச் சிரித்தார். “நாளைக்கு அவனுக்குக் கூழ் காய்ச்சோணும். நீயும் வா” என்றார்.

அன்றிரவு மாமி நிம்மதியாக நித்திரை கொண்டார். அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு இரவை மாமிக்குக் கொடுத்தது நான்தான், ஐயா.