கேப்ஸ் லாக் பார்த்தீர்களா, அக்கா

விசைப்பலகையில் அதிகமாகப் பழி சுமக்கும் பொத்தான் கேப்ஸ் லாக்தான், ஐயா. கணினிக்குள் நுழைய முடியவில்லை என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். பாதிப் பேர் அசடு வழியத் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காக நான் எழுந்து போக வேண்டியிருக்கும்.

ஏன் செய்தாய் என்று காலையிலிருந்து நீங்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் அது புரியும்.

கணினிக்கு மனிதர்கள் இரண்டே வகை. ஒருவர் நிர்வாகி. மற்றவர்கள் எல்லோரும் சாதாரணப் பயனர்கள். சாதாரணப் பயனர் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே வரலாம், தன் வேலையைப் பார்க்கலாம், அவ்வளவுதான். உள்ளே விடாவிட்டால் ஏன் என்று பார்க்கிற உரிமை அவருக்கு இல்லை. நிர்வாகியிடம் வந்து நிற்க வேண்டும். எங்கள் சரக்கு அலுவலகத்தில் நிர்வாகி நான்தான். மேலாளரே என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருக்கிறார்.

பதிவுப் பிரிவில் ஜன்னலோரம் உட்காருபவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர் பேருந்து ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். யாருக்குத் தலைவலி என்றாலும் அக்காவின் பையில் மாத்திரை இருக்கும். நான் கேட்காமலேயே எனக்கு டீ கொண்டுவந்து வைப்பார். அவரைப் பற்றித் தவறாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

மேசைகளுக்கு அடியில் ஒயர் பிடித்து ஊர்ந்துகொண்டிருப்பதால் பையன்கள் எனக்கு எலி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருநாள் டீ நேரத்தில் கதவுக்கு வெளியே நின்றபோது அவர்கள் பேசுவது காதில் விழுந்தது.

"எலி இன்னும் வளையை விட்டு வரலியா?"

"அதுக்கென்ன, ஒயரைக் கடிச்சே வயித்த ரொப்பிக்கும்."

சிரிப்பு அடங்குவதற்குள் அக்காவின் குரல்.

"விடுங்கப்பா. பெண்டாட்டியும் விட்டுட்டுப் போயாச்சு. வீட்ல பேச ஒரு ஆள் கிடையாது. பாவம், நாமளும் ஓட்டினா அந்தத் தம்பி எங்க போகும்?"

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாளிலிருந்து யாரும் எலி என்று கூப்பிடவில்லை. எனக்கு வணக்கம் வைத்தார்கள். லிஃப்டில் இடம் விட்டார்கள். கிண்டலை நான் வருடக்கணக்காகச் சுமந்தவன், ஐயா, அது கனமே இல்லை. ஆனால் அந்தப் பாவம் என்ற வார்த்தையை அவர் ஓர் அறை முழுக்க விநியோகித்துவிட்டார். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வைப்பது எப்படி என்று யோசித்தேன்.

அவருடைய கடவுச்சொல்லை என் இருக்கையிலிருந்து மாற்றினேன். ஒரு நிமிட வேலை.

"தம்பி, தப்புங்குதே."

"கேப்ஸ் லாக் பாத்தீங்களா அக்கா?"

"பாத்துட்டேன்."

"நீங்கதானே அக்கா நேத்து மாத்தச் சொன்னீங்க? புதுசும் நீங்களேதான் சொன்னீங்க."

"நானா?"

அந்த 'நானா'வில் எனக்கு மனம் லேசானது. மறுவாரம் மறுபடி செய்தேன். பிறகு வாரத்தில் இரண்டு, மூன்று நாள். சில நாள் வேண்டுமென்றே மாற்றாமல் விடுவேன். அவர் திரைக்கு முன்னால் கண்ணை மூடி, கடவுளை நினைத்துக்கொண்டுதான் கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கியிருந்தார். திறந்துவிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யார் திறந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒரு மத்தியானம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. சாவி வச்ச இடம் மறந்தாங்க, அப்புறம் தெரு மறந்தாங்க. கடைசியில பெத்த பிள்ளைங்களையே அடையாளம் தெரியல. எனக்கும் வந்துருச்சோன்னு பயமா இருக்கு. நீங்க ஒருத்தர்தான் பொறுமையாச் சொல்லித் தரீங்க."

அதுவரை அது விளையாட்டு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இல்லை.

கடவுச்சொல்லோடு நிறுத்தவில்லை. அவர் பதிந்த சரக்கு விவரங்களில் ஒன்றிரண்டை அழித்தேன். "மறதிதான் அக்கா, இந்த வயசுல வர்றதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். வேலைக்கு வரும் வழியில், அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓட ஆரம்பித்தார். டீ கொண்டுவருவது நின்றது. யாரையும் பாவம் என்று சொல்வதும் நின்றது. இப்போது மற்றவர்கள் அவரைப் பாவம் என்றார்கள்.

"எதையும் நம்பி செய்ய முடியல தம்பி. செஞ்சேனா இல்லையான்னே தெரியல."

"உங்க ஞாபகத்தை நம்பாதீங்க அக்கா. சந்தேகம் வந்தா இன்னொரு தடவை செஞ்சிடுங்க. அதுல என்ன நஷ்டம்?"

அவருக்குச் சர்க்கரை இருந்தது. காலையிலும் இரவிலும் இன்சுலின் ஊசி. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் அந்த யோசனையைச் சொன்னபோது ஊசிப் பெட்டி அவர் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

பிறகு ஒருநாள் காலை ஊசி போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் சந்தேகம். "போட்ட மாதிரிதான் இருக்கு, ஆனா என் ஞாபகத்தை எங்க நம்பறது?" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறார். பெண் பள்ளிக்குப் போய்விட்டாள், கணவர் வண்டியில். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டித் திறந்தபோது அக்கா சமையலறைத் தரையில் கிடந்தார். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது.

இது எதுவும் தெரியாமல் அன்றும் நான் வழக்கம்போல என் இருக்கைக்கு வந்து அவருடைய கடவுச்சொல்லை மாற்றினேன். ஆளே வராத நாளில். பழக்கம், ஐயா, காலையில் பல் தேய்ப்பதைப் போல. நான் டீ குடிக்க இறங்கிய நேரத்தில் மேலாளருக்கு அக்காவின் கணினியில் ஒரு கோப்பு அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது. தலைமை அலுவலகத்துக்கு ஃபோன் போட்டிருக்கிறார். அங்கிருந்த நிர்வாகி கணினியில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இப்பத்தான் உங்க ஆளே மாத்தியிருக்காரே. இதுக்கு முன்னாடியும் நிறைய தடவை மாத்தியிருக்கார். அந்தம்மா கேட்டாங்களா?" மேலாளர் கணவரிடம் சொல்ல, கணவர் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுக்க, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு நடுவில் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். அலுவலகத்தில் எல்லோரும் போனார்கள், நான் மட்டும் போகாவிட்டால் நன்றாக இருக்காது. அக்கா கண் விழித்திருந்தார். பெண் கட்டிலோரம் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்கா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையணைப் பக்கத்திலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினார்.

"சாப்பிட்டியா கண்ணு? பசியில முகம் வாடிக் கெடக்கே. உங்கம்மா எங்க?"

அந்தப் பெண் அழாமல் அதை வாங்கித் தின்றாள். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு ஊசியில் சர்க்கரை அடியோடு இறங்கி, மூளைக்குப் போகாமல் நெடுநேரம் கிடந்ததால் ஞாபகம் அழிந்திருக்கிறது, திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்று கேட்டேன்.

கடவுச்சொல்லை மாற்றினேன், பதிவை அழித்தேன், ஊசியைப் பார்த்துக்கொண்டே யோசனை சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அக்காவிடம் நான் பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மறதி என்று நான் சொன்னேன். இப்போது டாக்டரும் அதையேதானே சொல்கிறார்.