அமரர் ஊர்தியின் தட்டலைப் பிடித்த யூலிற்றா அக்காவுக்கு

கடலோரம் பிறந்து கராஜில் கைதேர்ந்தவரே! ஓடும் வாகனத்தின் ஓசையிலே அதன் ஊனம் உணர்ந்தவரே! கறுத்த தார்த்தாளும் கத்தரிக்கோலும் கையிலேந்தி, கடகடத்த கதவுகளையெல்லாம் கட்டுக்குள் கொண்டுவந்த எங்கள் கண்ணியத்துக்குரிய யூலிற்றா அக்காவே! ஊர் திரும்பிய காலந்தொட்டு இந்த மாங்குளத்துக் கராஜிலே மாரியென்றும் கோடையென்றும் பாராது எம்மோடு உழைத்து, இன்று ஓய்வுபெற்றுச் செல்லும் உங்களுக்கு, உடனிருந்தோர் உள்ளம் கனத்து வாசித்தளிக்கும் மடல் இது.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் வேலை கிடக்கு என்று எழும்பிப் போய்விடுவீர்கள். ஆகையால் வேறு யாரோ ஒருவரின் கதையைச் சொல்வதுபோலச் சொல்கிறோம். சொல்லலாமோ என்று நிரஞ்சன் முன்கூட்டியே கேட்டபோது, கேட்க வேண்டிய ஆட்கள் இன்னும் இருப்பினம், சொல்லுங்கோ என்றுதான் நீங்களும் சொன்னீர்கள். கதிரையை விட்டு எழும்பாமல் கேளுங்கள்.

யூலிற்றா அக்கா என்றொருவர் முல்லைத்தீவுக் கரையிலிருந்து சீற் உறை தைக்க இங்கே வந்தார். வந்தவர், வாகனத்துக்குள் கேட்கும் சத்தங்களைப் பிடிக்கும் வேலையைத் தானாகவே பிடித்துக்கொண்டார். கதவின் உள்மட்டையைக் கழற்றி, தகரத்தைத் துடைத்து, தார்த்தாளைச் சூடுகாட்டி ஒட்டி, ஆடுகிற இடமெல்லாம் பஞ்சுத்துணி சுற்றிப் பூட்டிக் கொடுத்தாரென்றால், கிரவல் றோட்டிலும் வண்டி வாய் திறக்காது. ஒரு மனிதர் கிலுகிலுப்புத் தாங்காமல் இரண்டு கராஜில் ஏறி இறங்கிவிட்டு இங்கே வந்தார். அக்கா சீற்றுக்குக் கீழே கையை விட்டு, வற்றாப்பளைப் பொங்கலில் மகளுக்கு வாங்கிய காப்புப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதை மனைவி துலைத்துவிட்டா என்று அந்த மனிதர் வீட்டில் ஒரு கிழமை கதைக்காமல் இருந்தாராம்.

அக்காவுக்கு ஒரு முறை உண்டு. சத்தம் ஆருக்குக் கேட்கிறதோ, அந்த ஆள் இருக்கும் இடத்தில் இருந்துதான் கேட்க வேண்டும். எங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏற்றிய அந்த முறையை, அவரே ஒரேயொரு வண்டியில் மீறினார்.

அவருடைய கணவர் மரியநேசன் அண்ணை வவுனியா ஆஸ்பத்திரியில் கண்மூடினார். ஊர்ச் சங்கத்தின் அமரர் ஊர்தியில் கொண்டுவந்தார்கள். ஓட்டியவர் எங்கள் நிரஞ்சன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சீற்றில் அக்கா தனியே இருந்தார். ஓமந்தை தாண்டியதும் ஒரு தட்டல் கேட்டது. வண்டி முழுக்கக் கடகடத்தாலும் இது வேறு மாதிரி, ஆள் கதவு தட்டுவதுபோல. நிற்பாட்டச் சொன்னார். நின்றதும் தட்டல் இல்லை. ஓடியதும் தட்டியது. மறுபடியும் நிற்பாட்டச் சொன்னபோது, நிரஞ்சன் மறுபேச்சில்லாமல் இறங்கி வந்து பெட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். அண்ணை நித்திரை கொள்பவர்போலக் கிடந்தார். அதற்குப் பிறகு அக்கா கேட்கவில்லை. தட்டல் மட்டும் வீட்டுவாசல்வரை வந்தது.

அடக்கம் முடிந்தது. உயிரோடு மண்ணுக்குள் வைத்துவிட்டேனோ என்ற எண்ணம் மட்டும் அக்காவின் நெஞ்சில் கல்லாய் ஏறிக்கொண்டது. டொக்ரர் சொன்னதும் சுவாமியார் சொன்னதும் அந்தக் கல்லை அசைக்கவில்லை. பகலெல்லாம் எங்களோடு பகிடி விட்டுக்கொண்டே அதைச் சுமந்தார்.

அடுத்த வருடம் அந்த ஊர்தி திருத்தத்துக்கு வந்தது. என்னட்டைத் தாங்கோ என்று அக்கா கேட்டு வாங்கினார். தரை, சுவர், கூரை என்று ஓரிடம் விடாமல் கழற்றி ஒட்டினார். பிறகு பெட்டி வைக்கும் இடத்தில் தானே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டு, ஒட்டுசுட்டான் வரை ஓட்டு என்பார். பின்னேரம் திரும்பவும் ஓட்டு என்பார். ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. அந்தத் தட்டல் மட்டும் ஒரு நாளும் கேட்கவில்லை. கேளாததுதான் அவரைக் கொன்றது. வண்டி தட்டவில்லை என்றால் அன்றைக்குத் தட்டியது யார்? பக்கத்துச் சின்னச் சீற்றில் இருந்து பார்க்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. அதில் அவர் தன் மனிதரோடு கடைசியாக இருந்திருந்தார்.

பிறகொரு நாள் ஒட்டுசுட்டானிலிருந்து கமலாசனி என்றொரு தாய் வந்தார். மகள் பிரஷாந்தினியை அதே ஊர்தியில் கொண்டுவந்து, முப்பத்தோராம் நாளும் முடிந்திருந்தது. குறை சொல்ல வரவில்லை. வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, கோவியாதேங்கோ. வண்டியிலை ஒரு சத்தமும் இல்லை. ஆனால் வழி முழுக்க என்ரை பிள்ளை உள்ளையிருந்து தட்டினவள். அப்பிடி நடக்குமோ?"

அக்கா கையிலிருந்த கத்தரிக்கோலை வைத்துவிட்டு, எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். பெட்டிக்குப் பக்கத்துச் சின்னச் சீற்றில். சீற் பெல்ற் போட்டீர்களா? பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பெல்ற் எங்கே நினைவு வரும் என்றார் கமலாசனி.

அன்றைக்குத்தான் யூலிற்றா அக்கா அந்தச் சீற்றில் ஏறி இருந்தார். கமலாசனியை எதிரே இருத்தினார். நிரஞ்சன் ஓட்டினார். சந்தி தாண்டுமுன்னே காதருகில் தட்டியது. ஆள் இல்லாதபோது மடித்த சீற்றுக்குள் அடங்கிக் கிடக்கும் பெல்ற், இப்போது போடாமல் தொங்கி ஆட, அதன் நுனியிலுள்ள இரும்பு நாக்கு சுவர்மட்டையில் முட்டிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பொத்திப் பிடித்தார், நின்றது. விட்டார், தட்டியது. பிறகு கமலாசனியின் கையைப் பிடித்து அந்த இரும்பின்மேல் வைத்தார்.

"இதுதானம்மா. உங்கடை பிள்ளை தட்டேல்லை. வடிவா நித்திரை கொண்டுதான் வந்தவள்."

கராஜுக்கு வந்து அந்த நாக்குக்குப் பஞ்சுத்துணி சுற்றினார். கமலாசனியைப் பஸ் ஏற்றி அனுப்பினார். பிறகு நேரே போய்க் கொம்பிறசரைப் போட்டார். காற்றடிக்க அன்று ஒரு ரயரும் இருக்கவில்லை. அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்தபடி நின்று அழுதார். நிற்பாட்டப் போன நிரஞ்சனிடம் மட்டும் ஒன்று சொன்னார்.

"அவர் தட்டேல்லையடா தம்பி. எனக்கு இப்ப நிம்மதி. ஆனால் அவர் உண்மையாவே போயிட்டார்."

அக்கா, கதை முடிந்தது. இனி உங்களைப் பார்த்தே பேசுகிறோம். கல்லாய்க் கிடந்த கவலையை உங்கள் நெஞ்சிலிருந்து இறக்கும் முன்னே இன்னொரு தாயின் நெஞ்சிலிருந்து இறக்கிவைத்த தகைமைக்கு எங்களிடம் தகுந்த சொல் இல்லை. மாதா உங்களை நோய் நொடியின்றி நெடுநாள் காக்கட்டும். கரைக்காற்று உங்கள் நித்திரையைக் கலைக்காதிருக்கட்டும். நாளைக்கு யாராவது கடகடத்தபடி வாசலில் வண்டியை நிறுத்தினால், உங்கள் பெயர்தான் எங்கள் வாயில் முதலில் வரும்.

வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். தொடக்கத்திலிருந்தே பின்னால் கொம்பிறசர் இரைந்துகொண்டிருப்பதால் இம்மடலை உரத்து வாசிக்க வேண்டியதாயிற்று. இன்றும் காற்றடிக்க ஒரு ரயரும் இல்லை. நிரஞ்சன்தான் போட்டுவிட்டார். நீங்கள் படலை தாண்டிப் போகும்வரை நாங்கள் அதை நிற்பாட்டமாட்டோம், அக்கா.

இங்ஙனம்,
உங்களைப் பிரியும்
கராஜ் பணியாளர்கள்,
மாங்குளம்.