லோர்னாவின் கழுத்தும் காப்பீட்டுப் படிவமும்

அவையைச் செம்மையாக நடத்திவரும் தலைவர் மார்லீன் அம்மையார் அவர்களே! ஆப்பிள் தோட்டங்கள் சூழ்ந்த யாக்கிமா பள்ளத்தாக்கின் வலிகளையெல்லாம் விரல்நுனியில் அறிந்த மசாஜ் சிகிச்சைத் தோழர்களே! ஞாயிற்றுக்கிழமையை வீட்டுக்குத் தராமல் இந்த அரங்குக்குத் தந்த பெரியோர்களே, தாய்மார்களே! ரோண்டாவின் வணக்கம்.

காப்பீட்டுப் பணத்தை நாம் ஏற்கலாமா, கூடாதா? "கூடாது" என்று எனக்கு முன் முழங்கினார் நண்பர் டுவெய்ன். படிவம் நேரத்தைத் தின்னும், பாக்கி பொறுமையைத் தின்னும் என்றார். உண்மை. பதினோரு ஆண்டுகள் நானும் அதையே முழங்கியவள்தான்.

அப்போதுதான் வந்தார் லோர்னா ட்வெய்ட். பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சிக்னலில் நின்ற அவருடைய காரைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்துவிட்டது. கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. மருத்துவர் சீட்டு இருந்தது; காப்பீடும் இருந்தது. நான்தான் வாங்க மறுத்தேன். கையிலிருந்து கொடுத்துவிட்டு, நிறுவனத்திடம் நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். மூன்று முறை வந்தார். நான்காம் முறை வரவில்லை. வேறு யாரிடமாவது போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எவ்வளவு வசதி!

பிப்ரவரியில் மளிகைக் கடையில் பார்த்தேன். பக்கத்து அலமாரியைப் பார்க்க உடம்பையே திருப்பினார். பேருந்து என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன் ரோண்டா. பிள்ளைங்க ஏறுறப்போ திரும்பிப் பாக்க முடியல. உங்க கை நல்ல கைதான். எனக்குத்தான் எட்டல."

தோழர்களே, பதினோரு ஆண்டு முழக்கம் 'எட்டல' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் ஓய்ந்தது. மறுநாளே லோர்னாவை அழைத்துச் சிகிச்சையைத் தொடர்ந்தேன். படிவம் எழுதினேன், திரும்பி வந்தது. மறுபடி எழுதினேன், "தேவை நிரூபிக்கப்படவில்லை" என்று வந்தது. அங்கே சிரிக்கிறீர்களே, உங்களுக்கும் வந்திருக்கிறதா அந்தக் கடிதம்? காப்பீட்டு நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். மசாஜ் என்பது ஓய்வுக்குத்தானே என்றார் ஓர் அதிகாரி.

"ஐயா, அவங்க கழுத்து இருபது டிகிரிதான் திரும்புது. வாராவாரம் அளந்து எழுதியிருக்கேன். அறுபது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போற வேலை. இது ஓய்வான்னு நீங்களே சொல்லுங்க."

அந்த அளவுகளை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் லோர்னாவின் கழுத்து அறுபத்தைந்து டிகிரி திரும்பியது. மஞ்சள் பேருந்தில் அவர் மீண்டும் ஏறினார்.

பணம் தாமதமாக வந்ததா? வந்தது. என் கட்டணத்தைவிடக் குறைவா? குறைவுதான். ஒளிக்கவில்லை. ஆனால் அது யார் பணம்? நிறுவனம் போட்ட பிச்சையா? இல்லை! லோர்னா மாதந்தோறும் கட்டிய உரிமை! அந்த உரிமையை வாசலிலே மறிக்க நாம் யார்? சிகிச்சையாளர் என்று சட்டையில் எழுதிக்கொள்கிறோமே, அதைத் தாளில் எழுத ஏன் தயங்குகிறோம்? அளந்து எழுதுவோம், அடித்துப் பேசுவோம், மறுத்தால் மறுபடி எழுதுவோம்! வசதியுள்ள முதுகுக்கு மட்டுமா நம் விரல்கள்? வண்டி ஓட்டும் கழுத்துக்கும், ஆப்பிள் பறிக்கும் தோளுக்கும் அவை சொந்தம்!

வெள்ளிதோறும் பிற்பகலில் என் அறையில் படிவம் நிரப்பக் கற்றுத் தருகிறேன். என்ன டுவெய்ன், காபி உண்டா என்கிறீர்களா? உண்டு, முதலில் வந்து உட்காருங்கள்.

இவ்வளவு நேரம் செவிசாய்த்த உங்கள் பொறுமைக்குத் தலைவணங்குகிறேன். நன்றி, வணக்கம்.