ஓட்டை அகப்பை

சாயங்காலம் ஆறே முக்கால் இருக்கும். கல்லறை மேட்டுலேர்ந்து துறைக்கு இறங்குற ஒத்தைச் சந்து... ஆள் அரவமே இல்லை. மிட்சுயோ மட்டும் ஓடி வர்றா. ஒரு செருப்பு கழண்டு போச்சு, குனிஞ்சு எடுக்கக்கூட இல்லை.

நம்ம மீன் ஏலக்கடை ஹருனோ இருக்காளே, அவ பெரியம்மா பொண்ணுதான் இந்த மிட்சுயோ. சிரிங்கடா, சிரிங்க. சிரிக்கிறவன்தான் அப்புறம் பாத்ரூமுக்குத் துணை தேடுவான்.

ஒசாகாக்காரி. கல்யாணமாகி முதல் தடவையா, வசந்த ஹிகனுக்கு, அதான் செத்தவங்களைக் கும்பிடுற நாளுக்கு, கல்லறை கழுவிப் பூ வைக்க, புருஷன் டட்சுஜியோட தீவுக்கு வந்திருந்தா. பாய்மரக் கப்பலெல்லாம் நீரோட்டம் திரும்பக் காத்துக் கிடந்த பழைய துறை அது. போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்களா என்ன?

வந்த அன்னைக்கே வீட்டுப் படகுல ஒரு மூங்கில் அகப்பை தொங்குறதைப் பார்த்திருக்கா. அடியே இல்லை, அத்தனை பெரிய ஓட்டை. யாரையும் ஒரு வார்த்தை கேட்கலை. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டி, பழசை வீட்டுல போட்டுட்டா. நல்ல மருமகள்னு பேர் வாங்கணுமே!

மறுநாள் சாயங்காலம் மூடுபனி இறங்கி, கடைசிப் பயணப் படகு வரலை. எதிர்த் தீவுல தம்பி தனியா நிக்கிறான்னு டட்சுஜி வீட்டுப் படகை எடுத்துட்டுப் போயிட்டான். கல்லறையில தண்ணி ஊத்திக்கிட்டே இவ மாமியார்கிட்ட பெருமையாச் சொல்றா.

"அத்தை, படகுல ஓட்டை அகப்பை கிடந்துச்சு. புதுசு மாட்டியிருக்கேன்."

மாமியாருக்கு முகம் வெளுத்துப் போச்சு.

"அடிப்பாவி, அது கடல்ல செத்தவங்களுக்கும்மா. பனியில வந்து அகப்பை கேட்பாங்க. குடுக்காம விடமாட்டாங்க. முழுசாக் குடுத்தா... மொண்டு மொண்டு நம்ம படகுலயே ஊத்தி மூழ்கடிச்சிருவாங்க."

அதான் அந்த ஓட்டம்.

துறைப் படியில நின்னா, எல்லாம் வெள்ளை. அழுகின பாசி நாத்தம். தூரத்துல டப் டப்னு இன்ஜின்... நின்னுருச்சு. அப்புறம் நிறைய குரல், ஒண்ணா, ரொம்ப மரியாதையா... "அகப்பை குடுங்க..."

"குடுக்காதீங்க"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. பனி முழுங்கிருச்சு.

"இந்தாங்க"ன்னான் டட்சுஜி. சின்ன வயசுலேர்ந்து அங்கே தொங்குறது... எவன் திருப்பிப் பார்த்துக் குடுப்பான்?

சளக்... சொர்ர். சளக்... சொர்ர்.

"இதை யாரு மாட்டினது?"ன்னு அவன் கேட்டது இவ காதுல தெளிவா விழுந்துச்சு. வேற படகு இல்லை, நீச்சல் தெரியாது. பாவம், படியில உக்காந்து சத்தம் ஓயுற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தா.

மறுவருஷம் அதே நாள், அதே படி. பனிக்குள்ளேர்ந்து அவன் குரல்... "மிட்சுயோ, ஒரு அகப்பை குடு."

கட்டின புருஷனுக்கு, அழுதுக்கிட்டே, அந்தப் பழைய ஓட்டை அகப்பையை நீட்டினா. ஜில்லுன்னு ஒரு கை வாங்கிச்சு. விடிய விடிய மொள்ற சத்தம் மட்டும். ஊத்துற சத்தம் இல்லை. காலையில பார்த்தா, அகப்பை ஈரமா வீட்டு வாசல் ஆணியில தொங்குது.

மூணு வருஷமா இப்படித்தான். அவன் கேட்பான், இவ ஓட்டையைக் குடுப்பா.

போன வாரம் ஹருனோகிட்ட போன்ல அழுதிருக்கா. இந்த ஹிகனுக்கும் அகப்பை திரும்பி வந்துச்சாம். ஆனா ஓட்டையில துணி அடைச்சிருந்துச்சாம்... அன்னைக்கு அவன் போட்டிருந்த சட்டைத் துணி. இவ கையால தைச்ச பட்டன்கூட அதுலயே இருந்துச்சாம்.