முதுகு பிடிக்க ஒரு ஆள்

உட்காருவது எவ்வளவு பெரிய வேலை என்று உடம்பு நன்றாக இருப்பவர்களுக்குத் தெரியாது. நீங்கள் உள்ளே வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அதற்குள் உங்கள் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் எப்படி ஒன்றுக்கொன்று சொல்லி வைத்தாற்போல் வேலை செய்தன என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், விடாது. உங்களுக்கு இடது இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

நான் இந்த மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட். மூளையில் ரத்தம் கசிந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களைப் பதினைந்து நாளாவது அசையாமல் படுக்க வைப்பார்கள். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு அவர்களை எழுப்பி உட்கார வைத்து நடக்க வைப்பது என் வேலை. தூக்கும்போது சத்தமாக எண்ணுவேன். அதனால் "ஒன் டூ த்ரீ சார்" என்று எனக்குப் பெயர். ஒருவர் முதல் அடி வைக்கும்போது வீட்டார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டுக்குப் போய் அதை என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன்.

பிறகு அந்த நர்ஸ் வந்தாள். அவளைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், கெட்டிக்காரி. படுத்தே கிடந்தால் நோயைவிடப் படுக்கைதான் ஆளை அதிகம் கெடுக்கிறது என்று பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தானே, மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நாங்களே மெல்ல ஆரம்பிக்கிறோம் என்றாள். முதலில் தலைப்பக்கத்தை உயர்த்துவது, பிறகு காலைத் தொங்கவிட்டு உட்கார வைப்பது, பிறகு நிற்க வைப்பது, நடக்க வைப்பது. ஒவ்வொரு படிக்கும் முன்னால் சரிபார்க்க ஒன்பது வரிகள் கொண்ட ஒரு தாள் தயாரித்தாள். ஆறு மாதத்தில் நோயாளிகள் நான்கைந்து நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். "நடக்க வைக்கிற சிஸ்டர் எங்கே?" என்று வாசலிலேயே விசாரிப்பார்கள். என்னிடமே விசாரிப்பார்கள்.

ஒருவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுடைய விதி. முன்னால் நிற்பவர் நோயாளியின் முகத்தையும் மானிட்டரையும் பார்த்து முடிவெடுப்பார். பின்னால் இருப்பவர் தாங்கிக்கொள்வார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க முதுகைப் பிடிச்சுக்கோங்க, மத்ததையெல்லாம் சிஸ்டர் பார்த்துப்பாங்க" என்றார். சரி சார் என்றேன்.

அந்த வாரம் என் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "உங்க ஆஸ்பத்திரியில யாரோ ஒரு சிஸ்டர் நடக்க வைக்கிறாங்களாமே, எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. அப்போ நீங்க என்ன பண்றீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

பொறாமையா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். ஆமாம், வயிறு எரிந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டாலே எரிந்தது. ஆனால் நான் செய்தது அதனால் அல்ல. அவசரம் ஆபத்து என்பதை யாராவது ஒருவர் அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

அப்போது ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார். தலையில் ரத்தம் கசிந்து, உள்ளே நீர் கோத்துக்கொண்டதால் மண்டையில் துளையிட்டு மெல்லிய குழாய் வைத்திருந்தார்கள். நீர் சொட்டுச் சொட்டாகக் கம்பத்தில் தொங்கும் குடுவையில் விழும். குடுவையின் உயரத்தை நோயாளியின் காது மட்டத்தை வைத்து அளந்து வைப்பார்கள். ஆளை நிமிர்த்துவதற்கு முன்னால் குழாயில் உள்ள திருகை மூடியாக வேண்டும். மூடாமல் நிமிர்த்தினால் தலை மேலே போய்விடும், குடுவை கீழேயே இருக்கும், நீர் மடமடவென்று இறங்கிவிடும். அப்படி இறங்கினால் மூளை சுருங்கி ரத்தக்குழாய் கிழியும். அவள் தாளில் இது நான்காவது வரி. ஒவ்வொரு முறையும் திருகைத் தொட்டு, "குழாய் மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொல்வாள்.

தையல்காரர் நல்ல மனிதர். ஐந்தாம் நாளே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, தனக்கு மாட்டியிருந்த ஆஸ்பத்திரி அங்கியைத் தடவிப் பார்த்து, "இதை யாரும்மா தைச்சது? ரெண்டு தோளும் ரெண்டு ஊருக்குப் போகுது" என்றார். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஆறாம் நாள் மூன்று அடி நடந்தார். அவர் மனைவி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவருடைய முழு எடையும் என் கையில் இருந்தது. "சார் பிடிச்சா தூணைப் பிடிச்ச மாதிரி இருக்கு" என்று என்னையும் விட்டுவிடாமல் ஒரு வார்த்தை சொன்னார். தூணுக்கு யார் நன்றி சொல்வார்கள்?

ஏழாம் நாள் காலை பத்தரை மணி. அவள் திருகைத் தொட்டாள், மூடினாள், வழக்கம்போலச் சொன்னாள். நான் பார்த்தேன். மானிட்டரின் எண்ணைத் தாளில் குறிக்கத் திரும்பினாள். என் வலது கை அவர் முதுகில் இருந்தது. இடது கை சும்மா இருந்தது. திருகைத் திறக்கக் கால் சுற்று போதும். குடுவைக்கும் அவளுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டேன். பிறகு இரண்டு பேருமாக அவரை நிமிர்த்தி உட்கார வைத்தோம்.

"தங்கச்சி, இன்னைக்குக் கதவு வரைக்கும் போயிடலாமா?"

"முதல்ல கொஞ்ச நேரம் உட்காருங்கண்ணா, அப்புறம் போலாம்."

ஒரு நிமிடம் கழித்துத் தலை வலிக்கிறது என்றார். அவள் உடனே என்னைக் கேட்டாள். "சார், அந்தப் பக்கம் குழாய் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்றேன்.

ஒரு தலைவலி, ஒரு வாந்தி, அவசரப்பட்டுவிட்டோம் என்று ஒரு பயம். அவ்வளவுதான் நான் நினைத்தது. அவர் கழுத்து என் தோளில் சாய்ந்தபோது அந்த எடை வேறு மாதிரி இருந்தது. எனக்கு எடை தெரியும். அவள் ஓடி வந்து, நிறைந்திருந்த குடுவையைப் பார்த்தாள், திறந்திருந்த திருகைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போன பிறகு, பூட்டினோமா என்று நின்று யோசித்திருக்கிறீர்களா? தினமும் செய்யும் வேலையை இன்றைக்கும் செய்தோம் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. அவளாலும் முடியவில்லை. "மூடியதாகச் சொன்னேன், ஆனால் மூடவில்லை போலிருக்கிறது. தவறு என்னுடையது" என்று அன்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அந்தத் தாளையும் நிறுத்தினார்கள். தையல்காரர் பிழைத்தார், ஆனால் வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பொது வார்டுக்கு மாற்றி என்னிடம் ஒப்படைத்தார்கள்.

இரண்டு மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. தினமும் அவர் கையைத் தூக்குவேன், காலை மடக்குவேன், ஒன் டூ த்ரீ என்று எண்ணுவேன். அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பார்வை நேரத்தில், அவர் மனைவி என்னிடம் வேகமாக வந்தாள். "சார், சிஸ்டர் தினமும் வந்து இவர் பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போறாங்க சார். இன்னைக்கு அவங்க குரலைக் கேட்டதும் இவர் வலது கை விரலை அசைச்சார். என்னால அவங்க மேல கோபப்பட முடியல. தப்பை ஒத்துக்கிற மனசு யாருக்கு வரும் சொல்லுங்க?"

பெரிய டாக்டரும் அதையேதான் கூட்டத்தில் சொன்னார், இப்படி ஒரு நேர்மையை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று. பிறகு அவள் எழுதிக் கொடுத்ததை நானே வாங்கிப் படித்தேன். குழாய் சரியா இருக்கா என்று என்னைக் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் அதில் அவள் எழுதவே இல்லை. நடைவழியில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன். "உங்களையும் எதுக்கு சார் இதுல இழுக்கணும்? நீங்க முதுகைத்தானே பிடிச்சுட்டு இருந்தீங்க" என்றாள்.

அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் நிர்வாகத்தின் விசாரணை அதிகாரி என்று உங்களை நானே வரச் சொன்னேன். அவள் மூடியதை நான் திறந்தேன். தெரிந்துதான் திறந்தேன், தெரிந்துதான் மறைத்து நின்றேன். இதில் அவளுக்குச் சேர வேண்டியது எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

நாளைக்கே அவளை வேலையில் சேர்த்துக்கொள்வீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தையல்காரர் பக்கம் மட்டும் அவளை அனுப்ப வேண்டாம் என்று பெரிய டாக்டரிடம் சொல்லுங்கள். விரலெல்லாம் ஒரு கணக்கே இல்லை. எனக்கு இன்னும் நான்கு மாதம் கொடுத்தால் நானே அவரை நடக்க வைத்துவிடுவேன்.