நான்காவது படியில் வாளி

என் கேமராவைத் திருப்பிக் கொடுங்கள், மேடம். இந்த ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது என்று அண்ணன் ஸ்டேஷன் வாசல் வரை வந்து சொல்லிவிட்டுப் போனான். "அவங்க கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேமரா கீமரான்னு வாயத் தொறந்துடாத." அவனுக்கு அது ஒரு சாமான். எனக்குக் கவலை லென்ஸைப் பற்றி. உங்கள் இரும்பு பீரோவில் காற்றோட்டம் கிடையாது. இதுவோ மழைக்காலம். பத்து நாள் அப்படியே கிடந்தால் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும், பிடித்தால் துடைத்தெடுக்க முடியாது. பையின் பக்கவாட்டு அறையில் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்கள் நான்கு இருக்கின்றன. அவற்றையாவது எடுத்து லென்ஸ் பக்கத்தில் போட்டுவையுங்கள்.

நீங்கள் வெள்ளைத்தாள் கொடுத்து, "கால் தவறி விழுந்தாங்கன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா. அண்ணியப் பாத்துக்க ஆள் வேணும்ல" என்றீர்கள். நல்ல மனதோடுதான் சொன்னீர்கள். ஆனால் அதற்கு முன்னால், கேமராவின் திரையில் அண்ணி விழும் படத்தைப் பார்த்துவிட்டு ஏட்டம்மாவிடம், "சும்மா எதையோ எடுக்கப் போயி மாட்டியிருக்கு பாரு. குருட்டு அதிர்ஷ்டம்" என்றும் சொன்னீர்கள்.

அதனால்தான் என்னால் நாலு வரியில் நிறுத்த முடியவில்லை.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கியவர். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். பட்டத்தைத் தூக்கிக்கொண்டு பதினேழு இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பதினேழிலும் படிப்பைக் கேட்டார்களோ இல்லையோ, "அப்பா என்ன பண்றார்" என்று கேட்டார்கள். ஓர் இடத்தில் என் பதிலைக் கேட்டதும் சான்றிதழை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார் ஒருவர், ஈரமான எதையோ தள்ளுகிற மாதிரி.

படம் விற்கும் தளம் அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. நாம் எடுத்த படத்தை ஏற்ற வேண்டும். முகம் தெரியாத யாரோ ஒருவர் அதைச் சோதிப்பார். தேறினால் தளத்தில் வைப்பார்கள். விளம்பரத்துக்கோ பத்திரிகைக்கோ சுவரொட்டிக்கோ படம் தேவைப்படுகிறவர்கள் தேடி வந்து வாங்குவார்கள். எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று எடுத்தவருக்குத் தெரியாது. எனக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

மனிதர்களின் முகம் தெரிகிற படம் என்றால் அவர்கள் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே முகம் அண்ணியுடையது. அண்ணிக்கு எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது, எல்லாம் முகத்துக்கு வந்துவிடும். அழைப்பு மணி அடித்தாலே தூக்கிப் போடும். அண்ணன் வைத்த பெயரே "திடுக்கு". வேலை முடிந்து வந்தால், "திடுக்கு, நான்தாண்டி, கதவத் தொற" என்பான்.

படிவத்தை நீட்டியபோது அண்ணி படிக்கவில்லை. "நீ படிச்சவ பாப்பா. எங்க போடணும்னு மட்டும் காட்டு." எங்கள் வீட்டில் எல்லாக் காகிதத்தையும் படித்துச் சொல்வது நான்தான், கரண்ட் பில் முதல் மருந்துச் சீட்டு வரை. படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. இந்த முகத்தை நோய், குற்றம், வன்முறை பற்றிய எதற்கும் பயன்படுத்தலாம் என்று அதற்குப் பொருள். அதில் குறி போட்டால் படம் அதிகம் போகும். "இது என்ன கட்டம்?" என்று கேட்டார். "சம்மதம்னு அர்த்தம் அண்ணி." பொய் இல்லை. அர்த்தம் அதுதான்.

கேமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பார்கள். செருப்பு வாங்கப் போய் டப்பாவின் அளவைக் கேட்பது போல அது. எடுக்கப்படுகிறவருக்கும் உனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் வேண்டும் என்றுதான் யோசிக்க வேண்டும். நான் முதலில் வாங்கியது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். எங்கள் வீட்டில் அதற்குக் கிட்டத்தில் நிற்க வேண்டும். கிட்டத்தில் நின்றால் அண்ணி சிரித்துவிடுவார். சிரிக்கும் பெண்கள் அந்தத் தளத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், சீந்துவாரில்லை. வாங்குகிறவர்கள் தேடுவது பயந்த பெண்ணை.

"பயந்த மாதிரி பாருங்க அண்ணி" என்றால், சர்க்கரை டப்பாவில் எறும்பைக் கண்டவர் போலக் கண்ணை விரிப்பார். பிறகு இருவரும் வயிறு வலிக்கச் சிரிப்போம். அப்படி எடுத்த பதினோரு படமும் ஒரே வரியோடு திரும்பி வந்தன: உணர்ச்சி இயல்பாக இல்லை.

சரியாகத்தான் சொன்னார்கள். எனக்குப் பயம் தெரியும். பதினேழு கதவுகளுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நான். உண்மையான பயத்தில் கண் விரிவதில்லை. முதலில் வாய் செத்துப்போகும்.

ஒரு நாள் பரணிலிருந்து எவர்சில்வர் மூடி ஒன்று அண்ணிக்குப் பின்னால் விழுந்தது. அது தானாகத்தான் விழுந்தது. நம்பலாம். கையில் கேமரா இருந்தது, ஒரு படம் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் தேறிவிட்டது. ஒரே வாரத்தில் பதினாறு பேர் வாங்கினார்கள்.

இரண்டாவது முறை மூடி தானாக விழவில்லை.

ஐம்பதை விட்டு எண்பத்தைந்துக்குப் போனேன். பக்கத்து அறையிலிருந்தே முகம் முழுதாகக் கிடைக்கும். ஆனால் ஷட்டர் சத்தம் கேட்டால் அண்ணி திரும்பி, "நீதானா" என்று சிரித்துவிடுவார், பயம் வீணாகிவிடும். ஆகவே ஓசையே இல்லாத ஷட்டர் உள்ள கேமராவுக்கு மாறினேன். யானை வாங்கியவள் அங்குசத்துக்கு யோசிக்க முடியாது. அதன் பிறகு வேலை சுலபமாயிற்று. பின்கதவைத் தட்டிவிட்டு வந்துவிடுவேன். மூடிய குழாயைத் திறந்துவைப்பேன். கூடத்தில் கிடக்கும் செருப்பைப் படுக்கையறை வாசலில் திருப்பி வைப்பேன்.

"வீட்டுல யாரோ நடமாடுறாங்கங்க" என்றார் அண்ணி.

"ஆமாண்டி, நான்தான். வாடகை குடுக்கறவன் நடமாடக் கூடாதா?" என்றான் அண்ணன். மூவரும் சிரித்தோம்.

ஒரு மதியம் அண்ணியிடம், "அண்ணன் வேலை செய்யற எடத்துல லிஃப்ட் அறுந்துடுச்சாம். யாரோ உள்ள மாட்டிக்கிட்டாங்களாம், அண்ணன் பேர் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இரண்டே நிமிடம்தான். பிறகு, "வேற யாரோவாம் அண்ணி, பேர் மாறிப்போச்சு" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். யாரும் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. கழுத்தில் தொங்கிய கேமரா இருவருக்கும் நடுவில் அழுந்தியது. லென்ஸுக்கு மூடி போட்டிருந்தது நல்லதாயிற்று.

அண்ணிக்குத் தூக்கம் போயிற்று. அண்ணன் சொல்லி, நான்தான் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனேன். காத்திருக்கும் அறையில் எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி. "பயம் உங்களைத் தின்கிறதா? பேசுங்கள்" என்று எழுதி, கீழே ஒரு பெண்ணின் முகம்.

அண்ணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்தார். "பாப்பா. அது நான்தானே?"

"எது அண்ணி?"

"அங்க. அந்தப் படத்துல. நீ எடுத்ததா?"

"நான் எடுத்ததெல்லாம் நீங்க சிரிக்கிறதுதானே. நீங்களே பாத்தீங்கல்ல." சிரித்த படங்களை மட்டும்தான் அவருக்குக் காட்டியிருந்தேன்.

"அந்த மச்சம்..."

"மச்சம் ஊர்ல எல்லாருக்கும் இருக்கு. அது யாரோ ஒரு பொண்ணு. உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

அவர் உட்காரவில்லை. நேராகப் போய்ச் சுவரிலிருந்த மச்சத்தைத் தொட்டார். பிறகு தன் கன்னத்தைத் தொட்டார். டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையே, "வெளிய என் படத்த மாட்டி வெச்சிருக்கீங்க" என்பதுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் யார் என்று கேட்டார். நாத்தனார், பட்டதாரி என்றேன். அண்ணிக்குத் தெரியாமல், இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினேன். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார். சீட்டைப் படித்துச் சொல்ல அண்ணி என்னிடம்தான் கொடுத்தார்.

என் படத்தை அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் மஞ்சளடித்திருந்தது.

அந்த மாத்திரை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. அண்ணியின் முகம் கழுவிவிட்ட தரை மாதிரி ஆயிற்று. மூடி விழுந்தால் மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார். கதவு தட்டினால் எழவே மாட்டார். ஆறு வாரம் ஒரு படம் தேறவில்லை. எங்கள் வீட்டில் அப்போது உண்மையாகப் பயந்தவள் நான்தான், மேடம். மறுபடியும் அந்த நாற்காலி. மறுபடியும் அப்பா என்ன பண்றார். இரவெல்லாம் வாய் உலர்ந்து கிடந்தேன். அதை மட்டும் படமெடுக்க ஆளில்லை.

எங்கள் வீட்டிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டில், மேலே ஒரு கண்ணாடி பதித்திருக்கிறது. மூன்றே முக்காலுக்கு முன்னும் பின்னும் ஒரு பத்து நிமிடம், அதன் வழியாக வெயில் சாய்ந்து, மேலிருந்து நான்காவது படியில் மட்டும் விழும். மற்றதெல்லாம் இருட்டு. காசு கொடுத்தாலும் கிடைக்காத வெளிச்சம் அது. மூன்று நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கெழம முறுக்கிடறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தான். ஞாயிறு வரை வெளிச்சம் காத்திருக்காது. அவனுடைய ஸ்பேனரை எடுத்து, மிச்சமிருந்த இரண்டு போல்ட்டையும் நானே கழற்றி, கம்பியைச் சும்மா சாத்தி வைத்தேன்.

படிகளை அளக்க வந்த உங்கள் கான்ஸ்டபிள், கீழே என் ட்ரைபாட் நிற்பதைப் பார்த்துக் கேமராவை எடுத்து வந்தார். அண்ணி விழும் படத்தை நீங்கள் பார்த்தீர்கள். அவர் வருவதற்கு முன் எடுத்த படத்தைப் பார்க்கவில்லை. எண் நானூற்றுப் பதினேழு. மூன்று முப்பத்தொன்பதுக்கு எடுத்தது. நான்காவது படியில் சிவப்பு பிளாஸ்டிக் வாளி, அதில் நட்டு வைத்த துடைப்பம். துடைப்பத்தின் நுனி அண்ணியின் முகம் வரும் உயரம். அதன் மேல் ஃபோகஸ் வைத்துப் பூட்டிவிட்டு, வாளியை எடுத்து ஓரம் வைத்தேன். ஆள் வந்த பிறகு ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. அதிர்ஷ்டத்தை நம்புகிறவர்கள் வாளி வைப்பதில்லை.

அண்ணி மாடியில் துணி காயப்போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். கீழேயிருந்து, "அண்ணி, மழ வருது, துணியெல்லாம் எடுத்துட்டு வேகமா வாங்க" என்று கத்தினேன். மழைக்காலம் என்பதால் நம்பினார். உங்கள் குறிப்பில், மழைக்குப் பயந்து ஓடி வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். படத்தை இன்னொரு முறை பாருங்கள். மழை பெய்தால் படியில் ஏது வெயில்.

இடது கையில் துணி, வலது கை கம்பியில். நான்காவது படியில் கம்பி கையோடு வந்துவிட்டது. நொடிக்குப் பன்னிரண்டு படம். மொத்தம் முப்பத்தொன்று. பத்தொன்பதாவதுதான் நீங்கள் பார்த்தது. அதில் மட்டும் அண்ணி நேராக லென்ஸைப் பார்க்கிறார். விழுகிற பயம் பதினெட்டாவது படத்திலேயே முடிந்துவிடுகிறது. பத்தொன்பதில் இருப்பது வேறு பயம். கேமராவையும் அதன் பின்னால் என்னையும் அவர் பார்த்துவிட்டார். மாத்திரையின் மந்தமெல்லாம் அந்த ஒரு கணத்தில் இறங்கிவிட்டது.

படங்கள் கார்டில் பதிந்து முடியும் வரை கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரியும். அதற்குள் தொடக் கூடாது. அது அணைந்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் கூர்மையாக விழுந்திருந்தது. அதன் பிறகு அண்ணியிடம் போனேன்.

ஆக, அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. நான் செய்தது. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இடுப்பு எலும்பும் வலது மணிக்கட்டும் முறிந்திருக்கின்றன. அண்ணன் ஆஸ்பத்திரி நடையில் தலையில் அடித்துக்கொண்டான். "ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் முறுக்கினேன், என் வீட்டுக் கம்பிய விட்டுட்டேனே." நான் மறுத்துப் பேசவில்லை. அவனுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் வேண்டும். அண்ணி எல்லாரிடமும் தானே கால் தவறி விழுந்ததாகத்தான் சொல்கிறார். என் மேல் அவ்வளவு பாசம். நேற்று நான் உள்ளே போனபோது நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், நீங்க போகாதீங்க, கொஞ்ச நேரம் இங்கயே இருங்க" என்றார். அண்ணிக்கு எப்போதும் நாலு பேர் சூழ இருக்க வேண்டும்.

நீங்கள் சாப்பிடப் போயிருக்கிறீர்கள். இந்தத் தாள்களை உங்கள் பேனா ஸ்டாண்டுக்கு அடியில் வைக்கிறேன். இப்போது மணி இரண்டரை. மூன்று மணிக்கு அண்ணன் வேலைக்குக் கிளம்புவான், அப்போதுதான் நர்ஸ்களும் மாறுவார்கள். அதன் பிறகு துணைக்கு நான்தான். ஆஸ்பத்திரி இங்கிருந்து பத்து நிமிட நடை. கட்டில் மேற்கு ஜன்னல் ஓரம். அங்கே அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், முகம் பழையபடி வந்துவிட்டது. வலது கையில் மாவுக்கட்டு இருந்தாலும், ஒப்புதலுக்கு இடது கட்டைவிரல் ரேகை போதும். படிவத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன்.

கேமரா உங்களிடமே இருக்கட்டும். பொட்டலங்களை மட்டும் மறக்காதீர்கள். அந்த ஜன்னல் வெளிச்சத்துக்கு என் போனே தாராளம். இனிமேல் மூடியைத் தள்ள வேண்டாம். பொய் போன் வேண்டாம். எந்த போல்ட்டையும் கழற்ற வேண்டாம். அண்ணியை நான் இனிக் கஷ்டப்படுத்தவே போவதில்லை, மேடம். கதவைத் திறந்து உள்ளே போய் நின்றாலே போதும்.